மஞ்சப் பல்லும் போர்வெல் தண்ணியும்: தர்மபுரியில் ஒரு நோயின் கதை

2008-ல நடந்த ஒகேனக்கல் சண்டை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? இப்போ இருபத்தஞ்சு வயசுல இருக்கிறவங்களுக்கு இருக்க வாய்ப்பில்லை. பெங்களூர்ல தமிழ்ப் படம் ஓடின தியேட்டர்கள் மேல தாக்குதல், ஏப்ரல் 4-ஆம் தேதி சென்னையில சினிமாக்காரங்க உண்ணாவிரதம், அங்க ரஜினி பேசின பேச்சு, அந்தப் பேச்சுக்குக் கர்நாடகாவுல எதிர்ப்பு. ரெண்டு மாநிலத்து டிவியும் வாரக்கணக்கா இதையே காட்டுச்சு. எல்லாரும் அதைக் காவிரிப் பிரச்சினையோட இன்னொரு ரவுண்டாத்தான் ஞாபகம் வச்சிருக்காங்க.

ஆனா அந்தத் திட்டத்தோட முழுப் பேரைக் கவனிச்சுப் பாருங்க. 'ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம்.' ஒரு குடிநீர்த் திட்டத்தோட பேருக்குள்ள ஒரு நோயோட பேர் இருக்கு. இப்படி வேற ஒரு திட்டம் எனக்கு ஞாபகத்துக்கு வரலை. அவ்வளவு சத்தத்துக்கு நடுவுலயும் அந்த ரெண்டாவது பாதியை யாரும் வாய்விட்டுச் சொன்ன மாதிரியும் தெரியலை. இன்னிக்கு அந்த ரெண்டாவது பாதியைப் பத்தித்தான் பேசப் போறேன்.

நான் பென்னாகரம் பக்கத்துக்காரன். எங்க ஊர்ப் பக்கம் நிறைய பேருக்குப் பல்லு ஒரு மாதிரி இருக்கும். சிலருக்குச் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைத் திட்டு, சிலருக்கு மஞ்சள் கோடு, சிலருக்குக் காபிக் கறை மாதிரி பழுப்பு. எங்க அத்தை சிரிக்கும்போது முந்தானையால வாயை மூடிக்குவாங்க. அது வெட்கம்னுதான் சின்ன வயசுல நாங்க நினைச்சோம். பள்ளிக்கூடத்துல, "பல்லு விளக்குறியா இல்லையாடா?"ன்னு வாத்தியார் கேட்பாரு. வேப்பங்குச்சி, சாம்பல், செங்கல் தூள், அப்புறம் பேஸ்ட்டுன்னு பசங்க எல்லாத்தையும் போட்டுத் தேய்ச்சுப் பாப்பாங்க. கறை போகாது. ஏன்னா அது பல்லு மேல படிஞ்ச அழுக்கு இல்லை, பல்லு உருவாகும்போதே உள்ள சேர்ந்தது.

அது எப்படின்னு முதல்ல சொல்லிடறேன். தண்ணியில ஃபுளோரைடுன்னு ஒரு உப்பு கரைஞ்சிருக்கும். கொஞ்சமா இருந்தா பல்லு சொத்தையாகாம காப்பாத்தும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. வேற தண்ணியே கிடைக்காத இடத்துல 1.5 வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு தளர்வும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற வரம்பும் அந்த 1.5 தான். அதைத் தாண்டின தண்ணியை வருஷக்கணக்கா குடிக்கிற குழந்தைக்கு, ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்கிற பல்லோட எனாமல் சரியா இறுகாது. கிட்டத்தட்ட எட்டு வயசு வரைக்கும்தான் இந்த ஆபத்து. பல்லு உருவாகி முடிஞ்சிருச்சுன்னா அப்புறம் எவ்வளவு குடிச்சாலும் பல்லுல கறை விழாது.

இதனால ஒரு விசித்திரம் நடக்கும். இருபது வயசுல கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த மருமகளுக்குப் பல்லு பளிச்சுன்னு இருக்கும். அதே ஊர்ல பிறந்த நாத்தனாருக்குக் கறை இருக்கும். பாக்கிறவங்க, "அந்தக் குடும்பத்துக்கே பல்லு சரியில்லை"ன்னு பேசுவாங்க. பொண்ணு பாக்க வர்ற இடத்துல இது ஒரு பேச்சாவே இருக்கும். தண்ணியோட குத்தம் பரம்பரைக் கணக்குல எழுதப்பட்டது.

இந்த நோயை இந்தியாவுல முதல்ல அடையாளம் கண்டதுல சென்னைக்குப் பெரிய பங்கு இருக்கு. 1930-கள்ல மெட்ராஸ் மாகாணத்துல இருந்த நெல்லூர் மாவட்டத்துல, பொதிலி, தர்சி பக்கம், உழவு மாடுங்க நடக்க முடியாம விறைச்சுப் போறதை விவசாயிங்க கவனிச்சாங்க. அப்புறம் மனுஷங்களும் அதே மாதிரி விறைக்கிறது தெரிஞ்சுது. கழுத்தைத் திருப்ப முடியாது, குனிய முடியாது, சிலருக்குக் கை கால் செயலிழந்தே போச்சு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டோட ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி எல்லாம் இதை ஆராய்ஞ்சு 1937-ல கட்டுரை வெளியிட்டாங்க. அதே வருஷம் வந்த இன்னொரு கட்டுரையில பெர்னார்டோட பேரும் இருக்கு. சென்னை ஜி.எச்.ல இருக்கிற பெர்னார்ட் கதிரியக்க நிலையம் இவர் பேர்ல இருக்கிறதுதான். எக்ஸ்ரேயில பாத்தா முதுகெலும்பைச் சுத்தி இருக்கிற தசைநார்லாம் சுண்ணாம்பு ஏறி எலும்பு மாதிரியே ஆகியிருந்தது. காரணம் கிணத்துத் தண்ணியில இருந்த ஃபுளோரைடு.

அதே 1937-ல கோபன்ஹேகன்ல காய் ரோஹோம்ங்கிற டாக்டர், கிரையோலைட் தாதுவை உடைக்கிற தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கு இதே எலும்பு நோய் வந்ததைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் எழுதினாரு. அங்க தூசியைச் சுவாசிச்ச தொழிலாளிக்கு வந்த நோய், இங்க ஒரு குடம் தண்ணி சேந்திக் குடிச்ச ஊருக்கே வந்துச்சு.

பல்லுக் கறையோட துப்பு அதுக்கும் முன்னாடி அமெரிக்காவுல கிடைச்சது. 1901-ல ஃபிரெடெரிக் மெக்கேன்னு ஒரு இளம் பல் டாக்டர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வேலைக்குப் போனாரு. அங்க பிறந்து வளர்ந்தவங்க பல்லுல பழுப்புக் கறை. ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. பன்னிக்கறி சாப்பிடறதாலன்னு கூட ஒரு பேச்சு இருந்துச்சு. அவர் விடாம முப்பது வருஷம் அதைத் துரத்தினாரு. நடுவுல 1923-ல ஐடஹோ மாநிலத்துல ஓக்லிங்கிற சின்ன ஊருக்குப் போனாரு. அங்க குழந்தைங்களோட அம்மாங்க ஒரு விஷயம் சொன்னாங்க: தூரத்துல இருக்கிற வெந்நீர் ஊத்துல இருந்து குழாய் போட்டுத் தண்ணி கொண்டு வந்த அப்புறம்தான் பல்லு இப்படி ஆகுது. மெக்கே அந்தக் குழாயை மூடச் சொன்னாரு. ஊர்க்காரங்க மூடிட்டு வேற ஊத்துக்கு மாறினாங்க. சில வருஷத்துல அடுத்த செட் குழந்தைங்களுக்கு நல்ல பல்லு முளைச்சது. இத்தனைக்கும் தண்ணியில என்ன இருக்குன்னு அவருக்கு அப்போ தெரியவே தெரியாது. 1931-ல அலுமினியக் கம்பெனி வேதியியலாளர் சர்ச்சில் கண்டுபிடிச்ச அப்புறம்தான் அது ஃபுளோரைடுன்னு தெரிஞ்சது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. நோயோட பேர் தெரியாமலேயே தண்ணியை மாத்தி நோயை நிறுத்தியிருக்காங்க. துப்புக் கொடுத்தது ஊர் அம்மாங்க.

சரி, தர்மபுரிக்கு வருவோம். எங்க மண்ணுக்கு அடியில ரொம்பப் பழைய பாறை: கிரானைட், நைஸ், சார்னோக்கைட். அதுல இருக்கிற சில கனிமங்கள்ல ஃபுளோரைடு இருக்கு. தண்ணி பாறை விரிசல்ல வருஷக்கணக்கா தங்கினா அது கரைஞ்சு வரும். தண்ணியில கால்சியம் கம்மியா, சோடா உப்பு அதிகமா இருந்தா இன்னும் நல்லாவே கரையும். மழை குறைஞ்ச பூமி வேற, புதுத் தண்ணி வந்து கலந்து நீர்க்க வைக்கிறதும் கம்மி.

முன்னாடி மக்கள் குடிச்சது பெரும்பாலும் ஏரி, குளம், அதிக ஆழமில்லாத கிணறு. நெல்லூர்ல கிணத்துத் தண்ணியே நோயைக் கொடுத்ததால, பழைய காலத்துல எல்லாம் சுத்தமா இருந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். பழைய தண்ணியில வேற எமன் இருந்தான்: காலரா, வயித்துப்போக்கு, படிக்கிணறுகள்ல நரம்புச் சிலந்தி. 1960-கள் நடுவுல பஞ்சம் வந்தப்போ, கடினப் பாறையைத் துளைக்கிற ரிக் வண்டிகளை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டு வந்துச்சு. அடுத்த பத்து வருஷத்துல 'இந்தியா மார்க் 2' அடிபம்பு வந்துச்சு. அந்தப் பம்பைத் தயாரிச்சதுல நம்ம சென்னையில இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் க்ருடாஸுக்கு முக்கியமான இடம். 1971-ல தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் உருவாச்சு. ஊர் ஊரா போர் போட்டாங்க.

அந்தப் போர்வெல் லட்சக்கணக்கான குழந்தைகளைக் காப்பாத்தியிருக்கு, அதைக் குறைச்சுச் சொல்லக் கூடாது. நரம்புச் சிலந்தி இந்தியாவுல ஒழிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா எங்க பக்கம் பாறையைத் துளைச்சு எடுத்த அந்தத் தண்ணியில ஃபுளோரைடு இருந்துச்சு. பாக்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், வாசனை கிடையாது, குடிச்சா வித்தியாசமும் தெரியாது. கிருமி இருக்கான்னு பாத்தவங்க உப்பைப் பாக்கலை. பாலக்கோடு, பென்னாகரம், நல்லம்பள்ளி, காரிமங்கலம்னு பல பக்கமும் வரம்பைத் தாண்டின கிராமங்கள் இருந்துச்சு. நிலத்தடி நீர் இறங்க இறங்க இன்னும் ஆழமா போட்டாங்க.

இப்போ உங்களுக்கு ஒரு சந்தேகம் வரணும். பென்னாகரத்துல இருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல ஒகேனக்கல். அருவியா கொட்டுற காவிரியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எதுக்கு இந்தத் தண்ணியைக் குடிச்சாங்க? காரணம் உயரம். ஒகேனக்கல்ல காவிரி ஓடறது கடல் மட்டத்துல இருந்து சுமார் 250 மீட்டர்ல. தர்மபுரி டவுன் அதுக்கு எவ்வளவோ மேல. ஒசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர். ஆறு பள்ளத்துல ஓடுது, ஜனங்க மேட்டுல இருக்காங்க. தண்ணியை ஏத்தணும்னா பம்பு, கரண்ட், பல நூறு கிலோமீட்டர் குழாய் வேணும். எந்தக் கிராமத்துப் பஞ்சாயத்தும் செய்யற காரியம் இல்லை.

அதுவரைக்கும் ஊர் அளவுல செய்யற வைத்தியமும் இருந்துச்சு. நாக்பூர்ல இருக்கிற நீரி நிறுவனம் 1970-கள்ல 'நல்கொண்டா முறை'ன்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. தண்ணியில படிகாரமும் சுண்ணாம்பும் அளந்து போட்டுக் கலக்கி, தெளிய வச்சு, மேல் தண்ணியை எடுத்துக்கணும். கேக்கச் சுலபம். ஆனா எவ்வளவு படிகாரம்ங்கிறது தண்ணிக்குத் தண்ணி மாறும். தினமும் யாராவது இதைச் செய்யணும், அடியில தங்கற கசடை எங்கயாவது கொட்டணும். விடிகாலையில நாலு குடம் தண்ணி பிடிச்சு வச்சுட்டுக் கூலி வேலைக்கு ஓடற அம்மா இதை வருஷக்கணக்கா செய்வாங்களா? தினசரி ஒழுங்கை நம்பி இருக்கிற எந்தத் தடுப்புமுறையும் ஏழை வீட்டுல ரொம்ப நாள் நிக்காதுன்னு நான் நினைக்கிறேன். குழாயைத் திறந்தா நல்ல தண்ணி வரணும். ஓக்லியில நடந்த மாதிரி, மாத்த வேண்டியது குடிக்கிறவங்களை இல்லை, தண்ணியை.

1998-ல கர்நாடகாவும் தமிழ்நாடும் ஒரு புரிதலுக்கு வந்தாங்க. பெங்களூர் குடிநீர்த் திட்டத்துக்கு இவங்க ஆட்சேபணை இல்லை, ஒகேனக்கல்ல வருஷத்துக்கு 1.4 டிஎம்சி எடுக்க அவங்க ஆட்சேபணை இல்லை. அப்புறம் பணத்துக்குப் பத்து வருஷம் ஆச்சு. நடுவுல 2004-ல தர்மபுரியில இருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாவே பிரிஞ்சு போச்சு. 2008 பிப்ரவரியில முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினாரு, ஜப்பான் கடன் கிடைச்சது. உடனே கர்நாடகாவுல எதிர்ப்பு. அங்க தேர்தல் வர இருந்த நேரம். ஏப்ரல்ல கருணாநிதி, அங்க தேர்தல் முடியட்டும்னு திட்டத்தைத் தள்ளி வச்சாரு.

அந்தச் சண்டையில எனக்கு இன்னிக்கும் உறுத்தற விஷயம் ஒண்ணு இருக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார், சிக்கபள்ளாப்பூர், தும்கூரோட பாவகடா, எல்லாமே ஃபுளோரைடு அதிகமா இருக்கிற பூமிங்கதான். அதே பழைய பாறை, அதே போர்வெல், அதே பல்லு. ரெண்டு பக்கமும் ஒரே நோய்க்காரங்க. பேச்சு முழுக்க நதி யாருக்குங்கிறதுலயே போச்சு.

கடைசியில வேலை நடந்துச்சு. சுமார் 1,900 கோடி ரூபாய் செலவு. 2013 மே மாசம் முதல்வர் ஜெயலலிதா திறந்து வச்சாங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நகராட்சி, பேரூராட்சி, ஆயிரக்கணக்கான குக்கிராமங்கள் வரைக்கும் குழாய் போச்சு. கிண்டியில இந்த நோய்க்குப் பேரும் காரணமும் எழுதி வச்சு அப்போ 76 வருஷம் ஆகியிருந்தது.

அப்போ கதை முடிஞ்சதா? இல்லை. பெரிய குழாய் கொண்டு வர்ற தண்ணி ஊர் மேல்நிலைத் தொட்டிக்குத்தான் வருது. கோடையிலயோ, பம்பு ரிப்பேர் ஆனாலோ வரத்து குறையும். அப்போ பழைய போர்வெல்லை அதே தொட்டிக்குள்ள திருப்பி விட்டா, குழாய்ல வர்ற தண்ணி ஆத்துத் தண்ணி மாதிரியே இருக்கும், ஆனா பாதி போர்வெல். வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது தெரிய வழியே இல்லை. இன்னொண்ணு ருசி. எங்க வீட்டுப் பெரியவங்க சிலருக்கு ஆத்துத் தண்ணி 'சப்புன்னு' இருக்கு, க்ளோரின் வாடை அடிக்குது. ஐம்பது வருஷம் குடிச்ச போர் தண்ணிதான் இனிக்குது. குளிக்க, துவைக்க ஆத்துத் தண்ணி, சோறாக்கப் போர் தண்ணின்னு தலைகீழா செய்யற வீட்டை நானே பாத்திருக்கேன். போர் தண்ணியில குளிக்கிறது ஒண்ணும் பண்ணாது. குடிக்கிறது, களி கிண்டறது, குழம்பு, டீ இதுக்குத்தான் நல்ல தண்ணி வேணும்.

இனி எலும்பைப் பத்தி. பல்லு வெளியில தெரியும், எலும்பு தெரியாது. பெரியவங்களுக்குக் கழுத்து, முதுகு, முட்டி வலின்னு ஆரம்பிக்கும். எல்லாரும் வாதம்னு சொல்லித் தைலம் தடவுவாங்க, இல்லைன்னா தேய்மானம்னு வலி மாத்திரை வாங்குவாங்க. ஃபுளோரைடு இருக்கிற ஊர்கள்ல சுகாதாரப் பணியாளர்கள் மூணு சின்ன விஷயம் செய்யச் சொல்லிப் பாப்பாங்க. முட்டியை மடக்காம குனிஞ்சு கால் விரலைத் தொட முடியுதா, தாடையைக் கொண்டு போய் நெஞ்சைத் தொட முடியுதா, கையை நீட்டி மடக்கித் தலைக்குப் பின்னாடி தொட முடியுதா. முடியலைன்னா உடனே இந்த நோய்தான்னு முடிவு பண்ணிடக் கூடாது. என்னாலயே கால் விரலைத் தொட முடியாது, அது ஐடி வேலை கொடுத்த சீர். ஊர்த் தண்ணியோட அளவு, சிறுநீர்ல ஃபுளோரைடு, முன்கை எக்ஸ்ரே இதையெல்லாம் சேர்த்துப் பாத்துத்தான் டாக்டர் சொல்லணும். அதனால தர்மபுரி மாதிரி ஊர்ல வளர்ந்தவங்க முதுகு வலின்னு சென்னையிலயோ பெங்களூர்லயோ டாக்டரைப் பாக்கும்போது, எந்த ஊர், என்ன தண்ணி குடிச்சு வளர்ந்தோம்னு நீங்களே சொல்லிடுங்க. அவங்க கேக்காம விட வாய்ப்பு அதிகம்.

எலும்புல ஏறினதை முழுசா இறக்கற மருந்து கிடையாது. தண்ணியை மாத்தினா மேல ஏறாது, உடம்பு கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளும், ஆரம்பக் கட்டத்துல இருக்கிறவங்களுக்கு வலி குறையலாம். பால், கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய், கொய்யா மாதிரி கால்சியமும் வைட்டமின் சி-யும் இருக்கிற சாப்பாடு உதவும். வளைஞ்ச காலுக்கு அறுவை சிகிச்சை இருக்கு. பல்லுக் கறைக்குப் பல் டாக்டர்கிட்ட ப்ளீச்சிங், மேல் பூச்சு, வெனீர் எல்லாம் இருக்கு. அது அழகுக்குச் செய்யற வைத்தியம், ஆனா வாயை மூடிக்கிட்டே சிரிக்கிற ஒருத்தருக்கு அது சின்ன விஷயமில்லை.

போன வாரம் இந்தத் தலைப்பை அறிவிச்சதும் நிறைய பேர் கேட்டீங்க, கொதிக்க வச்சா போகுமான்னு. போகாது. தண்ணி ஆவியாகி மிச்சம் இன்னும் அடர்த்தியாகத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டர், யூவி ஃபில்டர் கிருமிக்கானது, இதுக்கு உதவாது. ஆர்.ஓ. எடுக்கும். பேஸ்ட்ல ஃபுளோரைடு இருக்கேன்னு பயப்பட வேண்டாம், சொத்தையைத் தடுக்க அது தேவை. சின்னக் குழந்தைக்குப் பட்டாணி அளவு வச்சு, முழுங்காம துப்ப வைங்க. ஊர்த் தண்ணியில ஏற்கெனவே அதிகம்னா எந்தப் பேஸ்ட்னு பல் டாக்டரைக் கேட்டுக்கோங்க.

ஊர்ல இன்னும் போர்வெல் தண்ணி குடிக்கிற வீடா இருந்தா, இல்லை நகரத்துல போர்வெல்லையும் டேங்கரையும் நம்பி இருக்கிற அபார்ட்மென்ட்டா இருந்தா, ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி பிடிச்சுக்கிட்டு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்டப் பரிசோதனைக் கூடத்துக்குப் போங்க. கட்டணம் கட்டினா யாருக்கும் பாத்துத் தருவாங்க. ரிப்போர்ட்ல ஃபுளோரைடுங்கிற வரியைப் பாருங்க. வீட்டுல எட்டு வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா இந்த மாசமே போயிட்டு வந்துடுங்க.